மேலே போய் நிற்கும் இடம்

பூந்தமல்லியில் மெட்ரோ வேலை நடப்பதால் நேற்று பஸ் நகரவே இல்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு வயலினில் தோடி ராகம் கேட்டேன். சுற்றிலும் எல்லார் காதிலும் ஏதோ ஒன்று. யார் என்ன கேட்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சண்டையும் இல்லை. எங்கள் கம்பெனி பஸ்ஸில் இதற்காக எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம் தெரியுமா!

அது கேசட் காலம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலை. அளவு பார்ப்பது என் வேலை. முதல் வேலையும் அதுதான். பூந்தமல்லியிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். நாளுக்கு ஒருவர் கேசட் கொண்டுவரலாம் என்று ஏற்பாடு. வியாழக்கிழமை என்னுடையது. டீசல் வாசனையோடு இதே தோடி. ஏழு சுரமும் உலகத்துக்கே பொது, வெறும் வயலினுக்கு மொழி ஏது, ஊர் ஏது என்று பிரசங்கம் வேறு செய்வேன். அந்த வயசில் எனக்குத் தெரியாததே கிடையாது.

"இன்னா சார், காலங்காத்தால அயுவுது?" என்பார் காதர் பாய். கிரைண்டிங் மிஷின் ஓட்டுபவர். சொல்லிவிட்டு முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிவிடுவார். மற்றவர்களும் கேலியில் சேர்ந்துகொண்டார்கள். எட்டாவது வாரம் பஸ் ஏறியதும் முடிவைச் சொன்னார்கள்: இன்றுதான் கடைசி, இனி வியாழக்கிழமையும் சினிமாப் பாட்டுதான். எனக்கு அழுகையே வந்தது. தங்கியிருந்த அறையில் ரேடியோகூடக் கிடையாது. வாரத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

கேசட்டைப் போட்டேன். வழக்கத்தைவிட நிதானமாக வந்தது. "ஆஹா, என்ன விஸ்தாரம்!" என்று கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரருக்கு விளக்கமே கொடுத்தேன்.

காதர் பாயின் துண்டு விலகியது. "நிறுத்துபா!" எழுந்து டிரைவரிடம் போனார். "டேப்பு மிஷினு மெதுவா சுத்துது. பாட்டே எறங்கிப் போச்சி. இந்த எடத்துல அது மேல போயி நிக்கணும்."

பஸ்ஸே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"பாய், நீங்க தூங்கலையா?" என்றேன்.

"எங்க தூங்கறது? எட்டு வாரமா காதாண்ட ஓடிகினு கீது. பெல்ட்டு லூசு சார். மாத்தித் தர்றேன். அடுத்த வாரம் ஒயுங்கா கேக்கலாம்."

அதற்குப் பிறகு வியாழக்கிழமையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மானம் போனதுதான், ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. இசை எப்படி எல்லாருக்கும் பொதுவாகிறது என்று இன்றும் சொல்லத் தெரியாது. பிரசங்கத்தை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன்.

தொழிற்சாலை போய் அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. பஸ் எந்தக் காயலான் கடையில் உடைபட்டதோ. போன மாதம் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் காதர் பாயைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பழைய ஆசையில் அதே தோடியைப் போட்டு, இயர்போனில் ஒன்றை அவர் காதிலும் ஒன்றை என் காதிலும் மாட்டினேன்.

பாய் சிரித்தார். "கேக்காது சார். மிஷினு சத்தம் ரெண்டு காதையும் துன்னுடிச்சி."

கழற்றப் போன என் கையைத் தடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் நான் கண்ணை மூடித் திறந்தேன்.

"மேல போயி நின்னுச்சா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.