திருப்பிக் கொடுக்காத கீக்கள்

அருப்புக்கோட்டையில் ஒரு மாடியில் இயங்கும் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நானும் பாளையம்பட்டிக்காரன் ஒருவனும் ஒரே நாளில் சேர்ந்தோம். சி என்ற கணினி மொழியில் சோதனை நிரல்கள் எழுதும் வேலை. அவன் எழுதியது எதுவும் முதல் தடவையிலேயே ஓடிவிடும். போனில் வீட்டாரோடு தெலுங்கில் சிரித்துப் பேசிக்கொண்டே எழுதுவான். எனக்கு வயிறு எரியும். எங்கள் இருவரில் ஒருவரை அடுத்த வேலைக்குப் பொறுப்பாளராக்கப் போவதாகப் பேச்சு வந்த பிறகு எனக்குச் சாப்பாடே பிடிக்கவில்லை.

ஒரு நிரலுக்குள் திரெட்டுகள் என்கிற பல வேலை இழைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றும் தனக்கென்று தகவல் வைத்துக்கொள்ள, நிரல் கணினியின் சிஸ்டத்திடம் லாக்கர் சாவி மாதிரி ஒரு 'கீ' வாங்க வேண்டும். கீக்களுக்கு உச்சவரம்பு உண்டு. சிஸ்டம் கைவிரிக்கும் வரை கீ கேட்டுக்கொண்டே இருந்து, அப்போது சரியான பிழை எண்ணைத் தருகிறதா என்று பார்ப்பது என் சோதனை. அதே நிரலுக்குள் அடுத்து ஓடுவது அவனுடைய சோதனை; அதுவும் கீ வாங்கித்தான் தொடங்கும்.

என்னுடையது தேறியது. அவனுடையது முதல் கீயிலேயே விழுந்தது. தனியாக ஓட்டினால் தேறும், சேர்த்து ஓட்டினால் விழும். அவன் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கு அவ்வளவு இனித்தது. மதியம் டிபன் டப்பாவைத் திறக்கும்போதுதான் உறைத்தது: வாங்கிய கீக்களை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அத்தனையையும் நான் பிடித்துக்கொண்டிருந்தால் அவனுக்கு எங்கிருந்து கிடைக்கும்? அவனிடம் சொல்லவில்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு முழுச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தேன்.

அவன் அந்த நிரலுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டு கிடந்தான். மறுநாள் சாயங்காலம் நான் திருச்சுழி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கூப்பிட்டான்.

"ஏலே, வாங்குன கீயை எல்லாம் நீ அழிச்சுத் திருப்பிக் குடுக்காம விட்டிருக்க. அழிக்கிற வரிய நானே சேத்துட்டேன். இப்ப ரெண்டும் ஓடுது."

"அப்படியா? நான் கவனிக்கலையே," என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். "சரி, பஸ்ஸு போயிரும், ஓடு."

அடுத்த நாள் மேலாளர் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, வேலை ஏன் தாமதமானது என்று கேட்டார்.

"என் சோதனைதான் மேடம், சிக்கலாயிருச்சு. சரி பண்ணிட்டேன்," என்றான். நான் வாயைத் திறக்க நேரம் இருந்தது. திறக்கவில்லை.

பொறுப்பு எனக்கு வந்தது. அவன்தான் முதலில் வந்து கைகொடுத்தான். டீயும் வாங்கிக் கொடுத்தான். என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் அவன் வழி வைக்கவில்லை. இப்போது அவனுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, அவனைப் பார்த்தே பொறாமைப்படுகிறேன்.