பூச்சுக்கு மேல் பூச்சு

பற்பசையைச் சுரண்டியதும் அடியில் மஞ்சள் வந்தது. மஞ்சளோடு கொஞ்சம் தோலும் வந்தது. சித்ரா வாசலுக்கு ஓடிச் சாக்கடையில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, மாரீஸ்வரியின் வலது கையை மறுபடி மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“மூக்கப் பொத்தாதடி. எனக்கு வெக்கமா இருக்கு.”

“நாறுது. பொத்தாம?”

“அம்புட்டாவா?”

“செத்த எலி தேவல.”

மாரீஸ்வரி சிரித்தாள். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரைச் சித்ரா ஊற்றியதும் பல்லைக் கடித்தாள்.

மாரீஸ்வரிக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. ஆத்தங்குடிப் பக்கம் கூலி வேலை பார்த்த குடும்பம். கல்யாணமாகிக் காரைக்குடி வந்தாள். புருஷன் இன்னொருத்தியோடு போனபின் சோமுவின் பலகாரப் பட்டறையில் சேர்ந்தாள். கைமுறுக்குச் சுற்றுவது வேலை. அதற்கு அச்சு கிடையாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே வட்டம் போட வேண்டும். கல்யாணச் சீருக்குப் பெரிய முறுக்கு கேட்டு ஆள் வந்தால் சோமு அவளைத்தான் கூப்பிடுவார். பிள்ளை இல்லை. கூடப்பிறந்தவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. பட்டறைப் பெண்கள்தான் அவளுக்கு மனிதர்கள். காய்ச்சல் என்றால் அவர்கள் வீட்டிலிருந்துதான் கஞ்சி வரும். அவளுடைய ஒற்றை அறை வீட்டின் சாவி எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

போன மாதக் கடைசியில் எண்ணெய்ச் சட்டி சரிந்து அந்தக் கையில் ஊற்றியது. பெரியாஸ்பத்திரியில் கழுவி, களிம்பு தடவி, கட்டுப் போட்டார்கள். சர்க்கரை இருக்கிறது, கட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பட்டறையில் கூட வேலை பார்க்கும் சித்ரா அப்போது தன் மகளின் பேறுகாலத்துக்குத் திருப்பூர் போயிருந்தாள்.

மற்றவர்கள் வந்தார்கள். பட்டறையில் மூத்தவளான மீனம்மாள், கட்டி வைத்தால் உள்ளே புழுங்கிவிடும் என்று கட்டை அவிழ்த்தாள். முட்டையின் வெள்ளைக்கருவில் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். அடுத்து வந்தவள் பற்பசை கொண்டுவந்தாள். மஞ்சளைக் கழுவினால் மீனம்மாள் முகம் சுண்டிவிடும். மேலேயே தடவினாள். அதற்கடுத்தவள் கோயில் மண்ணைக் குழைத்து எடுத்துவந்தாள். அவளும் பற்பசையைக் கழுவவில்லை. ஒருத்தி செய்ததை இன்னொருத்தி அழிப்பது மரியாதை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாரீஸ்வரியும் சொல்லவில்லை. சொன்னால் மூன்று பேருக்கும் மனத்தாங்கல் வரும்.

ஈ மொய்த்தது. பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றினார்கள். துணி ஈரமானது. பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள், பட்டறைக் கதை பேசினார்கள். அந்த நாற்றம் தெருவரை வந்திருக்கிறது. ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்கள். ஒரு கை அழுகுவதை மல்லிகை வாசனை ஊதுபத்தியோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

மீனம்மாள் கஞ்சித் தூக்கோடு உள்ளே வந்தாள். தரையில் கிடந்த துணியையும் மண்ணையும் பார்த்தாள்.

“என்னடி பண்றவ? பொருக்குக் கட்டி ஆறிக்கிட்டு வந்துச்சு. அதப் போயிக் கிண்டுறவ.”

“பொருக்கு இல்லக்கா. பேஸ்ட்டு.”

“எல்லாம் தெரிஞ்சவ வந்துட்டா.”

“இங்குட்டு வந்து மோந்து பாருங்க.”

மீனம்மாள் கதவருகிலேயே நின்றாள். “தெனம் வந்து உக்காந்தது நாங்க. நீ எங்கடி போயிருந்த?”

“உக்காந்தீக. இல்லைங்கல. நாறுச்சா, இல்லையா?”

“சீக்காளி முன்னாடி அதெல்லாம் சொல்லுவாகளா?”

சித்ரா குனிந்து கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் நகம்வரை கறுத்திருந்தது. நுனியை அழுத்தினாள்.

“வலிக்குதா?”

“இல்ல. அந்த வெரல்தான் இப்பத் தேவல. நாலு நாளா வலியே இல்ல.”

“பாத்தியா?” என்றாள் மீனம்மாள்.

சித்ராவுக்கு மறுபடி குமட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை வெளியே போகவில்லை. விழுங்கினாள்.

“எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

மாரீஸ்வரி மீனம்மாளைப் பார்த்தாள். “அக்கா கஞ்சி கொண்டாந்திருக்காக. மனசு சங்கடப்படுவாகடி. நாளைக்குப் போவமே.”

“அக்கா மனசு நாளைக்கு ஆறிரும். இது ஆறாது. வெரல் செத்துப்போச்சுடி, அதான் வலிக்கல.”

மாரீஸ்வரி விரலைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். மீனம்மாள் வழிவிட்டு ஒதுங்கி, தூக்கைக் கீழே வைக்காமல் நின்றாள்.

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பாதியில் இறங்கிக்கொண்டார். சித்ரா முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். துவைத்த துணி ஒன்றில் சுற்றிய அந்தக் கையை வண்டி குலுங்கும்போதெல்லாம் தன் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள்.

“அம்புட்டு அருவருப்பா இருந்தா விட்டுர்றி. நானே வச்சுக்கிறேன்.”

“பேசாம வா. வாயத் தொறந்தா வாந்தி வருது.”

மறுநாள் காலையில் சுண்டுவிரலை எடுத்தார்கள். மோதிர விரலில் ஒரு கணு போனது. மற்ற விரல்கள் தப்பலாம் என்றார் டாக்டர். மடக்க வருமா என்று சித்ரா கேட்டாள். இப்போது சொல்ல முடியாது என்றார். பார்வையாளர் நேரத்தில் மீனம்மாளும் இன்னும் இருவரும் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். கட்டு நல்லா இருக்கு, சீக்கிரம் சரியாகிவிடும் என்றார்கள். சித்ராவோடு பேசவில்லை. மதியம் சோமு போன் செய்தார். புதன்கிழமை கல்யாண ஆர்டருக்குத் தேவகோட்டையிலிருந்து வேறு ஆள் வருவதாகச் சொன்னார். சித்ரா சரி என்றாள். மாரீஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள். சித்ரா கட்டிலுக்கு அடியிலிருந்த வாளியைக் கழுவி வைத்துவிட்டு, கீழே போய் ஒரு பன்னும் டீயும் வாங்கினாள். பன்னைச் சாப்பிட முடியவில்லை. டீயைக் குடித்தாள்.