துளசிங்கத்தின் மூங்கில் கோல்

படகு நடு ஏரியை எட்டியதும் துளசிங்கம் கோலைத் தண்ணீரிலிருந்து உருவித் தோளில் சாய்த்துக்கொள்வார். அந்த நொடியிலிருந்து அது மூங்கில் இல்லை, துப்பாக்கி. மீன்கூடைக்குப் பின்னால் பதுங்கி, ஒரு கண்ணை மூடிக் குறிபார்ப்பார். "டுமீல்! மலைமேல இருந்தவன் உருண்டான். எம் புள்ள அசரல. டுமீல்!" கோலின் நுனியிலிருந்து சேற்றுத்தண்ணீர் முன்னால் இருப்பவர் தலையில் சொட்டும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. படகே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்.

தோணிரேவிலிருந்து அக்கரைக் குப்பத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது அவர் தொழில். மற்ற படகுகளுக்கெல்லாம் எஞ்சின் வந்துவிட்டது. நீங்களும் ஒன்று வாங்கலாமே என்றால் அடிக்க வருவதுபோல் பார்ப்பார். "எஞ்சின் போட்டா கத சொல்ல முடியுமா? அது கத்துமா, நான் கத்தறதா?" வெற்றிலை எச்சிலைக்கூடக் கதை முடிந்த பிறகுதான் துப்புவார்.

மகன் பூவரசன் ராணுவச் சிப்பாய். எல்லையில் நடந்த சண்டையில் இறந்துபோனான். அவன் வீரத்துக்கு விருது கொடுத்தார்கள். டெல்லியில் பெரிய மண்டபத்தில் அவன் செய்ததையெல்லாம் இந்தியில் வாசித்தபோது, துளசிங்கத்துக்கு மகன் பெயர் மட்டும்தான் புரிந்தது. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருக்கலாம். "எம் புள்ள இன்னா பண்ணான்னு நானே ஊரான் கிட்ட கேக்கறதா?" என்று ரோஷம். ஊர் திரும்பியதும் எல்லாரும் கேட்டார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும், சொன்னார்.

சொல்லச் சொல்ல வளர்ந்தது. பொங்கலுக்கு நான்கு பேரைச் சுட்ட பூவரசன் ஆடிக்குள் ஒன்பது பேரைச் சுட்டிருந்தான். "இப்படியே போனா அந்த ஊர்ல ஆளே மிஞ்ச மாட்டான்" என்பாள் மனைவி குப்பம்மா. சொல்லிவிட்டுப் பதக்கம் மாட்டிய சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ராணுவப் பை மாட்டிய யாராவது படகில் ஏறினால் மட்டும் துளசிங்கத்தின் குரல் இறங்கிவிடும். அப்படியெல்லாம் நடக்கவில்லை என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கதையே போச்சு. மகனின் கடைசி நாள் என்று அவரிடம் இருப்பது அந்தக் கதை ஒன்றுதான்.

மார்கழியில் ஒரு காலை. இறால் கூடையோடு ஜெசிந்தா ஏறினாள். அவளுக்குப் பின்னால், ஒரு காலைத் தாங்கித் தாங்கி ஒரு வாலிபன். சாதாரணச் சட்டை, கையில் பழப்பை. நடு ஏரி வந்ததும் ஜெசிந்தா ஆரம்பித்துவைத்தாள்: "மாமா, அந்த மலைய சொல்லு."

அன்றைக்குத் துளசிங்கத்துக்குக் குஷி. பன்னிரண்டு பேர் உருண்டார்கள். கடைசி டுமீலில் படகு ஆடியபோது அந்த வாலிபன் மட்டும் சிரிக்கவில்லை.

"எந்த ஊருப்பா நீ?"

"வேலூர்ப் பக்கம். எம் பேரு தினகரன். பூவரசன் கூட அன்னிக்கி நானும் இருந்தேன், நைனா."

கோல் அந்தரத்தில் நின்றது. நைனா என்று கூப்பிட அவருக்கு இருந்தது ஒரே ஒருவன். ஜெசிந்தா இறாலைப் பார்க்கத் தொடங்கினாள். பயந்துகொண்டேதான் துளசிங்கம் கேட்டார்: "அப்போ நீயே சொல்லு. நான் சொன்னது பொய்யின்னா பொய்யின்னே சொல்லிடு."

"அவன் அன்னிக்கி ஒரு குண்டுகூட சுடல நைனா."

காற்றுக்கு அலை வந்து படகைத் தட்டியது. தினகரன் காலைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"ஆத்துக்கு அக்கரைல நாங்க அடிபட்டுக் கெடந்தோம். எங்கள ஏத்தறதுக்கு ரப்பர் படக எட்த்துக்கினு வந்தான். மோட்டார்ல குண்டு பட்டு நின்னுபோச்சி. கூடாரத்துக் கம்ப உருவி ஊனி ஊனித் தள்ளினான். மேலருந்து சுடறானுங்க. படுடா படுடான்னு கத்துறோம். 'நின்னாத்தான்டா கோல் ஊன முடியும்'னான். எங்கள எறக்கி உட்டுட்டு, மிச்ச ஆளுங்களுக்காகத் திரும்பிப் போனான். அவங்களையும் கரை சேத்துட்டான். கரை தட்டும்போதுதான் அவனுக்குக் குண்டு பட்டுச்சி. நின்னுக்கினு இருந்தது அவன் ஒருத்தன்தான்."

துளசிங்கம் தன் கோலைப் பார்த்தார். "எந்தப் பக்கம் ஊனுனான்? எடதா?"

"எடது பக்கந்தான். கம்ப இடுப்போட அணைச்சி..."

"எங்கிட்ட கத்துக்கினது!" ஏரியே அதிரக் கத்தினார். அக்கரையில் மேய்ந்த பூநாரைகள் கிளம்பிப் பறந்தன. "கேட்டியா ஜெசிந்தா? எடது பக்கம்! இடுப்போட அணைச்சி! இதே ஏரில நான் காட்டிக் குட்த்தது!" அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். வந்த வழியே படகைத் திருப்பினார். யாரும் ஏனென்று கேட்கவில்லை. கரை தட்டியதும் படகைக் கட்டக்கூட மறந்து, தினகரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். "குப்பம்மா! உம் புள்ள சுடவே இல்லியாம்! ஒருத்தனக்கூட சுடலியாம்!" பரிசு விழுந்தவர்கூட அப்படிக் கூவமாட்டார்.

மறுநாள் படகில் கூட்டம். இனி எந்தக் கதையைச் சொல்வார் என்று பார்க்கவே பாதிப்பேர் ஏறியிருந்தார்கள். நடு ஏரி வந்தது. ஜெசிந்தா தயங்கித் தயங்கி, "சொல்லு மாமா" என்றாள்.

"எல்லாரும் குந்துங்க" என்றார் துளசிங்கம்.

மீன்கூடையைக் காலால் ஓரம் தள்ளினார். இந்த முறை பதுங்கவில்லை. பின்பலகைமேல் ஏறி, முதுகை நிமிர்த்தி நின்று, கோலை இடுப்போடு அணைத்து இடது பக்கம் ஊன்றினார்.