மேடைக்கு ஏழு படி

நேற்று திருத்தணிக்குப் பிறந்தநாளாம்!

எனக்கே பேனரைப் பார்த்துத்தான் தெரியும்.

எத்தனையாவது பிறந்தநாள் என்று மட்டும் கேட்காதீர்கள். பஸ் ஸ்டாண்டு பேனரில் ஒரு வயசு, மெயின் ரோடு பேனரில் ஒரு வயசு, மேடை பேனரில் வேறொரு வயசு. (மலை மேலிருக்கும் முருகனே குழம்பியிருப்பார்!)

அதற்கு நடந்த கலை விழாவில் எங்கள் பஜனைக் குழு பாட வேண்டும் என்று விழாக் குழுவிலிருந்து ஒரு மாதம் முன்பே வந்து கேட்டார்கள்.

பள்ளிப்பட்டு ரோட்டில் ஒரு கிராமம் எங்களுடையது. எட்டுப் பெண்கள், டோலக் அடிக்க என் சொந்த அக்கா வீட்டுக்காரர், அதாவது பாவா. அந்த எட்டில் ஒருத்தி நான், ஜால்ரா. (அரக்கோணத்தில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை முதலாளிக்குப் போடுவது இல்லை, நிஜ ஜால்ரா!)

முன்பாட்டு, ஊருக்கே அக்காவான நாகம்மா அக்கா. நாற்று நடுவதும் களை எடுப்பதும்தான் அவருக்கு வேலை. குரலோ, மைக் இல்லாமலே நாலு வயல் தாண்டும்.

வருஷா வருஷம் படித் திருவிழாவுக்கு மலை ஏறுவோம். ஒரு படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு பாட்டு. அப்புறம்தான் அடுத்த படி. முன்னூற்று அறுபத்தைந்து படிக்கும் இதே கணக்குதான்.

இந்த முறை அக்காவுக்கு மூட்டு தேய்ந்துபோய், மலை ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் ஏறினோம். அவர் அடிவாரத்திலேயே உட்கார்ந்திருந்தார். அழுதார் என்று எழுதினால் கோபப்படுவார். அழுதார்.

அதனால் இந்த விழாவுக்கு அழைப்பு வந்ததும், "மலைதான் ஏற முடியல, மேடையாவது ஏறிப் பாடிட்டு வந்துடறேன்"னு ஒரே சந்தோஷம். ஒரு மாதமாக தினமும் ப்ராக்டீஸ். இருபது நிமிஷம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

நாலு மணிக்கே போய்விட்டோம்.

மேடையைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. பின்னால் பிரம்மாண்ட எல்ஈடி ஸ்கிரீன். அது சரியாக மலையை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஸ்கிரீனில் என்ன ஓடுகிறது? ட்ரோனில் எடுத்த மலை!

நாலிலிருந்து ஐந்து வரை சென்னையிலிருந்து வந்த டான்ஸ் ட்ரூப். ஊர்ப் பெருமைக்கும் அந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் சிறப்பு விருந்தினர் வந்தார். பொன்னாடை ஆரம்பமானது. போர்த்தியவருக்கு ஒருவர் போர்த்த, அவருக்கு இன்னொருவர் போர்த்த... ஊருக்குப் பிறந்தநாளா, சால்வைக்குப் பிறந்தநாளா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் இருபது நிமிஷம் பத்தானது. பத்து ஐந்தானது.

ஆறரைக்கு விழாக் குழுச் செயலாளர் ஓடிவந்தார்.

"எம்மா, டைம் இல்ல. மேல வந்து ஷீல்டு வாங்கிகினு, ஒரு போட்டோ எடுத்துகினு போயிடுங்க."

அக்கா கேட்டார், "அப்போ பாட்டு?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா."

ஒரு மாதம் தொண்டை வறளப் பாடியது இந்த ஷீல்டுக்கா?

அக்கா மேடைப் பக்கம் நடந்தார். கையைப் பிடித்து மேடையின் முதல் படியில் ஏற்றினேன். மூட்டு ஒத்துழைக்காமல் அங்கேயே நின்றார்.

நின்றதும், இத்தனை வருஷப் பழக்கத்தில், கை தானாக இடுப்புப் பைக்குள் போனது. மஞ்சள் குங்குமத்தை எடுத்துப் படிக்கு வைத்தார்.

படியில் குங்குமத்தைப் பார்த்ததும் பாவாவின் கை தானாக டோலக்கில் விழுந்தது.

டோலக்கைக் கேட்டதும் எங்கள் வாய் தானாகத் திறந்தது.

சத்தியமாக ப்ளான் பண்ணவில்லை! (கற்பூரம் மட்டும் ஏற்றவில்லை. கார்பெட் பற்றிக்கொள்ளும் என்கிற அறிவு இருந்தது.)

முதல் பாட்டு முழுசாக முடிந்தது. அக்கா இரண்டாவது படியில் கால் வைத்தார். மறுபடியும் குங்குமம். மறுபடியும் பாட்டு.

செயலாளர் பதறினார். "இன்னாம்மா பண்றீங்க? சீக்கிரம் மேல வாங்க!"

"ஆங், வந்துகினுதான கீறேன் நைனா. படிக்கு ஒரு பாட்டு. நீ இந்த ஊருதான? தெரியாதா உனுக்கு?" என்றார் அக்கா.

சாமி பாட்டை நிறுத்து என்று திருத்தணியில் நின்று சொல்ல யாருக்கு தைரியம் வரும்?

சவுண்டு சர்வீஸ்காரர் நம்ம பக்கத்து மணவூர்க்காரர். யாரும் சொல்லாமலே ஒரு கார்ட்லெஸ் மைக்கைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார்.

அவ்வளவுதான். பஸ் பிடிக்கக் கிளம்பின கூட்டம் திரும்பி வந்தது. ஒவ்வொரு பாட்டு முடிவிலும் "அரோகரா!" டான்ஸ் ட்ரூப் பிள்ளைகளே கீழே உட்கார்ந்து கை தட்டினார்கள்.

இதில் ஒரு சிக்கல். சிறப்பு விருந்தினருக்கு வேறொரு ஊரில் இன்னொரு விழா. அவர் கிளம்பி மேடை ஓரத்துக்கு வந்துவிட்டார். இறங்க இருப்பது இந்த ஒரே படிக்கட்டு. அதில் நாங்கள் ஒன்பது பேர், ஒரு டோலக்.

எதிரே நூறு செல்போன் வீடியோ எடுக்கிறது. என்ன செய்வார் பாவம்? கண்ணை மூடி, கையைக் கூப்பி, பக்தியாக நின்றார். (நடுவில் ஒரு கண்ணைத் திறந்து வாட்ச் பார்த்ததை நான் பார்த்தேன்!)

ஏழு படி. ஏழு பாட்டு. இருபது நிமிஷத்துக்கு மேலேயே போயிருக்கும்.

மேலே ஏறியதும் அவர் அவசரமாக ஷீல்டை நீட்டினார். பிளாஸ்டிக்கில் செய்த மலை. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, மலை கீது, படியே இல்லியே?"

சிறப்பு விருந்தினர் படிக்கட்டையே பார்த்தார். திரும்பவும் ஏழு பாட்டா என்று பயந்திருப்பார் போல.

அக்கா வழிவிட்டு ஒதுங்கி நின்று சொன்னார்:

"எறங்கறதுக்குப் பாட்டு இல்ல சார். பயப்படாம போங்க."

வீடு வரும்வரை வேனில் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா மட்டும் மூட்டைத் தடவிக்கொண்டே, "இந்த வருஷத்துக்கு ஏழு படி ஆச்சு"ன்னு சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விழாக் குழுவுக்கு நன்றி சொல்லப்போவதில்லை. ஏழு படி வைத்து மேடை போட்ட பந்தல்காரருக்கு மட்டும் மனசார நன்றி.

அடுத்த வருஷம் மேடையை இன்னும் கொஞ்சம் உயரமாகப் போடுங்கள் அண்ணா!