மெசின் கேட்ட கதை

எனக்குச் சத்தம் வராது. மகளுக்குச் சத்தம் கேட்காது. அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டில் நானும் அவளும்தான் நன்றாகக் கதைப்போம்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அவளுடைய காது மங்கிப்போனது. கிட்ட நின்று கத்தினால் கொஞ்சம் விளங்கும். மற்றபடி உதட்டைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவாள். நான் துறைமுகக் கரையில் வள்ளங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். வள்ளம் கேள்வி கேட்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோது, போய்வருகிறேன் என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவவுக்குக் கேட்டதோ தெரியாது.

மகளிடம் ஒரு கரைச்சல் இருந்தது. நான் எனக்குள் முணுமுணுப்பதையும் வாசித்துவிடுவாள். வாசிப்பதோடு நின்றால் பரவாயில்லை. தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காததால், அவள் கதைத்தால் எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுக்கும் கேட்கும். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி வாய்க்குள் ஏதோ சொன்னேன். அவள் உடனே குசினிப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா! குழம்பில உப்பில்லையாம்!"

"அந்த மனிசனுக்கு வாய் இல்லையாமோ?" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அன்றைக்கு இரண்டாம் தரம் குழம்பு கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சாதாரண தரப் பரீட்சையில் அவள் திறமாகச் செய்தாள். படித்தால் விஞ்ஞானப் பிரிவில்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆனால் அங்கே இரசாயனவியல் படிப்பிக்கிற சேர் கரும்பலகையைப் பார்த்தபடியே கதைக்கிறவர்.

"பிழையா விளங்காதேங்கோ," என்றார் என்னிடம். "நான் எழுதி எழுதித்தான் படிப்பிக்கிறனான். பிள்ளைக்கு என்ர முதுகுதான் தெரியும். முதுகுக்கு உதடு இல்லையே."

கலைப் பிரிவு ரீச்சர் பிள்ளைகளைப் பார்த்துப் படிப்பிக்கிறவ. ஆகவே அதிபர் முடிவாகச் சொல்லிவிட்டார். வகுப்புத் தொடங்கும் முன் காது மெசின் வந்தால் விஞ்ஞானம், வராவிட்டால் கலை. மெசின் போட்டால் நன்றாகக் கேட்கும் என்று ஆஸ்பத்திரி டொக்டர் எழுதித் தந்திருந்தார். கடையில் அதன் விலையைக் கேட்ட என் மனைவி, வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. அது எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.

இயலாமை உள்ள பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு சங்கம் உதவுவதாகக் கேள்விப்பட்டு, ஓர்ஸ் ஹில் பக்கம் இருந்த அவர்களின் கந்தோருக்குப் போனேன். மகளுக்கு அன்று ரியூசன். உள்ளே இரண்டு மேசைகள். ஒன்றின் முன்னால் பெரிய கூட்டம். மற்றதில் ஒரு மிஸ் தனியே இருந்தா. எனக்குக் கூட்டம் ஏலாது. தனியே இருந்தவவிடம் போனேன். தலைக்கு மேல் காற்றாடி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"காது மெசின்..." என்றேன்.

"என்ன? சத்தமாச் சொல்லுங்கோ."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் தொண்டையில் மிஞ்சியது ஒரு சொல்தான்.

"மெசின்."

"ஆ, மெசினோ! ஆருக்கு?"

"மகளுக்கு."

"என்ன வயசு?"

"பதினேழு."

"நல்ல வயசு. கெதியாப் பழகிடுவா. கரண்டிலயோ, கையாலயோ?"

கரண்டில் என்றால் காதிலிருந்து வயர் தொங்குமே என்று பயந்து, "கையால" என்றேன். கையால் மாட்டுவதைத்தான் கேட்கிறா என்று நினைத்தேன். மிஸ் சந்தோசமாக எழுதிக்கொண்டா. இவ்வளவு லேசாக ஒரு கந்தோர் வேலை எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. டொக்டரின் கடிதம் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. அவ கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

வகுப்புத் தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது விழாவுக்கு வரச் சொன்னார்கள். மண்டப வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். மேடையில் வரிசையாகப் பெரிய பெரிய பெட்டிகள்.

"இஞ்சேருங்கோ, இவ்வளவு பெரிசையோ காதில கொழுவுறது?" என்றா மனைவி.

"சின்னச் சாமானையும் பெரிய பெட்டிக்குள்ளதான் வைப்பினம்," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரதம விருந்தினர் பெட்டியைத் திறந்தார். உள்ளே கையால் சுற்றுகிற தையல் மெசின். படம் எடுத்தார்கள். மகள் படத்துக்குச் சிரிக்கவில்லை, மேடையிலிருந்து என்னைத் தேடினாள். மிஸ் தனியே இருந்த மேசை பெண்களின் சுயதொழிலுக்கானது, படிப்புக்கானது கூட்டம் நின்ற மேசை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதற்கு மேல் வேறு என்ன வரப்போகிறது என்று குனிந்திருந்தேன். வந்தது. உதவி பெற்றவர்கள் சார்பில் நன்றி சொல்ல ஒரு தகப்பனை அழைத்தார்கள். மண்டபத்தில் இருந்த ஒரே தகப்பன் நான்தான். இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து ஏற்றினார்கள்.

மைக்குக்கு முன்னால் நின்றேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கேக்கேல்ல!" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா கத்தினா.

"அண்ணை, மைக்கைத் தின்னாமக் கதையுங்கோ!" என்றார் இன்னொருவர்.

மேடையிலிருந்து இறங்கி முன்வரிசையில் இருந்த மகள் எழும்பினாள்.

"எனக்குக் கேக்குது!" என்றாள். மைக்கே தேவைப்படாத குரல். "அப்பா சொல்லுறார், எல்லாருக்கும் பெரிய நன்றியாம். ஆனா இது தைக்கிற மெசினாம். தான் கேட்டது காது மெசினாம். அது இல்லையெண்டா மகள் விஞ்ஞானம் படிக்க ஏலாதாம். தனக்குக் கால் நடுங்குதாம், கெதியாக் கீழ இறக்கி விடட்டாம்."

கடைசி இரண்டும் நான் எனக்குள் சொன்னவை.

மண்டபம் சிரித்த சிரிப்பில் பிரதம விருந்தினரின் மாலையும் குலுங்கியது. மிஸ் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தா. "ஐயோ அண்ணை, கையால எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

நான் டொக்டரின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவ அதை வாங்கி, மேடையிலேயே மற்ற மேசைக்காரரிடம் கொடுத்தா. தையல் மெசின் குச்சவெளியிலிருந்து வந்து காத்திருந்த ஒரு தங்கச்சிக்குப் போனது. காது மெசின் வகுப்புத் தொடங்குவதற்கு முந்தின நாள் வந்தது. அதன் பெட்டி என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

முதல் நாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்தவளிடம் மனைவி, "எப்பிடி?" என்று கேட்டா.

"சேரின்ர முதுகு நல்லாப் படிப்பிக்குது அம்மா," என்றாள்.

அதன்பிறகு அவள் என் முகத்தைப் பார்ப்பது குறைந்துவிட்டது. பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் இரசாயனவியலும் சோறும் ஒன்றாக இருந்தன. வாய்க்குள் ஏதோ சொன்னேன். அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"என்னப்பா? சத்தமாச் சொல்லுங்கோ, கேக்கேல்ல."

குசினியில் சட்டி உருட்டும் சத்தமும் நின்றது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"குழம்பில உப்பில்லை!" என்றேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ஏனப்பா கத்துறீங்கள்?" என்று மகள் காதைப் பொத்தினாள்.