இளவரசி பதில் சொன்ன சாயங்காலம்

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் அதிகமாகத் திட்டு வாங்கியவர் ஒரு ராஜா. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் வருவார். வடக்கே எடுத்த தொடர். உதடு ஒன்று பேசும், தமிழ்க் குரல் வேறொன்று பேசும். ராஜாவின் மகள் ஒரு குதிரைக்காரன் மேல் உயிரையே வைத்திருந்தாள். அவளைப் பக்கத்து நாட்டு மன்னனுக்குக் கொடுத்தால்தான் போர் வராது என்று ராஜா ஒற்றைக்காலில் நின்றார். "நாட்டைக் காப்பாத்தறேன்னு பெத்த பொண்ணை உயிரோட பொதைக்கிறானே பாவி!" என்று பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். வாய்க்கால் தகராறு என்றால் நாலு ஊரை அதட்டி நிறுத்துகிற மனுஷர், இளவரசி தேம்பினால் மட்டும் தாங்கமாட்டார்.

காற்றடித்தால் எங்கள் டிவியில் படம் புள்ளி புள்ளியாகப் போய்விடும். அப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து கேபிள்காரர் வருவார். பெரும்பாலும் பகலில், பெரியவர்கள் வயலுக்குப் போயிருக்கும் நேரம். வீட்டுக்குள் நுழையாமல் கொல்லைப்பக்கத்து ஏணியில் மொட்டைமாடி ஏறி, ஒயரைத் திருகிக்கொண்டே "வருதா?" என்று குரல் கொடுப்பார். கூடத்திலிருந்து பதில் சொல்வது அப்பாவின் தங்கையான என் அத்தையின் வேலை.

"வரல."

"இப்ப?"

"இன்னும் வரலையே!"

எனக்கு இதில்தான் குழப்பம். திரையில் படம் பளிச்சென்று வந்திருக்கும். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே வரல என்பாள். பாவம், அவளுக்குக் கண் சரியில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

வேலை முடித்து இறங்குகிறவருக்கு அம்மா காப்பி கொடுப்பாள். எங்களுக்கெல்லாம் நசுங்கிப்போன எவர்சில்வர் டம்ளர். அவருக்கு மட்டும் பூப்போட்ட காகிதக் கப், கடையில் வாங்கி அவருக்கென்றே வைத்திருந்தது. அதில் எனக்கும் ஒருநாள் காப்பி வேண்டுமென்று அழுது அடி வாங்கியிருக்கிறேன்.

அத்தைக்குச் சீர்காழிப் பக்கத்தில் இடம் பார்த்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம். அத்தையை அந்த வீட்டுக்குக் கொடுத்து, அந்த வீட்டுப் பெண்ணைச் சித்தப்பாவுக்கு எடுப்பது. ஒன்று நின்றால் இரண்டும் நிற்கும். டிராக்டர் கவிழ்ந்து கால் நொண்டியானதிலிருந்து சித்தப்பாவுக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. அத்தை ஒருமுறை வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள். "அப்ப ஒன் அண்ணன் காலம் பூரா ஒண்டியாக் கெடக்கட்டுங்கறியா?" என்று பெரியப்பா கேட்டார். நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டாரின் வேன் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, அவர்கள் வந்து இறங்கும்போது ஏழு மணி ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் கேட்டது பெண்ணை அல்ல.

"டிவியைப் போடுங்களேன். இன்னைக்கி அந்தப் பொண்ணு பதில் சொல்லணும்ல?"

பெரியப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்ல நேரம்தான் இன்னும் இருக்கிறதே, தொடர் முடிந்ததும் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று. வெற்றிலை, பூ, புடவைத் தட்டுகளை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சேர்ந்து ராஜாவைத் திட்டியது. "அவன் பின்னாடியே போயிடுடி, யோசிக்காத!" என்று மாப்பிள்ளையின் அம்மா இளவரசிக்குப் புத்தி சொன்னாள்.

அத்தை பட்டுப்புடவையோடு எழுந்து, மாடியில் துணி காய்கிறது என்று போனாள். குதிரைக்காரன் இளவரசியிடம் கை நீட்டினான். அவள் வாயைத் திறந்தாள். படம் போய்விட்டது. கூடமே ஐயோ என்று அலறியது. எதிர்வீட்டு டிவியில் இளவரசியின் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அத்தை வெறுங்கையோடு இறங்கி வந்தாள். துணி எங்கே என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பெரியப்பா போன் போட்ட கையோடு கேபிள்காரர் மொபெட்டில் வந்துவிட்டார். கொல்லை வாசலிலிருந்தே தட்டுகளைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னடா பாக்கறே, சீக்கிரம் ஏறு" என்றார் பெரியப்பா. கேபிள்காரர் ஏறினார்.

"வருதா?"

படம் வந்துவிட்டது. இளவரசி மணக்கோலத்தில் பல்லக்கில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அத்தை உரக்கச் சொன்னாள்.

"வரல."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடியில் ஒயரைத் திருகும் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது. "வருதாங்க?"

அந்த 'ங்க' அன்றைக்குத்தான் புதிதாக வந்தது.

"வரல" என்றாள் அத்தை.

பெரியப்பா சிரித்தார். "அதான் கண்ணாடி மாரி தெரியுதே! வந்துடுச்சுடா, எறங்கு!"

கேபிள்காரர் இறங்கினார். அம்மா காகிதக் கப்பில் காப்பியை நீட்டினாள். எனக்கு இதுதான் சமயம் என்று பட்டது. அத்தைக்கு நல்லது செய்ய நினைத்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அத்தைக்குக் கண்ணு சரியில்ல. படம் நல்லா வர்றப்பல்லாம் வரலன்னேதான் சொல்லுவாங்க."

மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "பொண்ணுக்குப் பார்வைக் கோளாறா? நீங்க யாரும் சொல்லவே இல்லையே!"

சுவரோரம் நின்ற சித்தப்பா, நொண்டுகிற காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தொடர் முடிந்து, திரையின் அடியில் பொடி எழுத்தில் என்னவோ வந்து நின்றது.

"அது என்ன போட்டிருக்கு? படிம்மா பாப்போம்" என்று மாப்பிள்ளையின் அம்மா அத்தைக்குத் திரையைக் காட்டினாள்.

தெரியலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தட்டெல்லாம் வந்த வழியே வேன் ஏறிப் போயிருக்கும். அத்தை கொல்லை வாசலைப் பார்த்தாள். படியில் காகிதக் கப் மட்டும் இருந்தது. மொபெட் வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை நின்றாள். பிறகு சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்து ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் வாசித்தாள்.

"இத்தொடரில் வரும் பாத்திரங்களும் சம்பவங்களும் முற்றிலும் கற்பனையே. யாரையும் குறிப்பிடுவன அல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். தட்டு மாற்றிக்கொண்டார்கள். "கடைசில அந்தப் பொண்ணு வாயால என்ன சொல்லிச்சுன்னே கேக்க முடியாமப் போச்சு" என்று பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அத்தைக்குப் பார்வை வந்துவிட்டது. நான் கொல்லைப் படியில் உட்கார்ந்து, கேபிள்காரர் ஒரு வாய்கூடக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன அந்தக் காகிதக் கப்பை எடுத்தேன். காப்பி ஆறிப்போயிருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. அம்மா ஓடிவந்து அதைத் தட்டிவிட்டாள். கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போய் என் வாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நம் வீட்டுக் காப்பியைக் குடித்ததற்கு எதற்காக வாயைக் கழுவவேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை.