வளவுக்குக் காத்திருந்த பாஸ் கிட்டார்

நான் குடியிருக்கும் ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. சுவரில் ஆணி அடித்தால்கூடக் கதவைத் தட்டிவிடுவார்கள். வந்த புதிதில் ஒரு ஞாயிறு காலை பாஸ் கிட்டாரை ஸ்பீக்கரில் மாட்டி இரண்டு கம்பியைத் தட்டியதும் கீழ்வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்றார். “ரூஹெ” என்றார். அமைதி என்று பொருள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிலிருந்து ஹெட்போனில்தான் வாசிக்கிறேன். காரைக்குடியில் எங்களுக்கு ஞாயிறு என்றாலே சத்தம்தான்.

எங்கள் ராக் பேண்டில் மூன்று பேர். மெய்யப்பன் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். அருள் டிரம்ஸ்; மாதா கோயில் பாட்டுக்குழுவில் கொட்டிப் பழகிய கை. நான் பாஸ். கல்லூரி முடித்த வருடம் பயிற்சிக்கு இடமில்லாமல் அலைந்தபோது மெய்யப்பன் தன் பூர்வீக வீட்டைத் திறந்துவிட்டான். பங்காளிகளுக்கெல்லாம் பொதுவான வீடு. கல்யாணம் காட்சி என்றால்தான் நிறையும். மற்ற நாட்களில் வளவு எனப்படும் அந்த நடுமுற்றமும் தூண்களும் எங்களுக்கும் புறாக்களுக்கும்தான்.

முதல் நாளே நாறிப்போனது. அருள் வேகமாக அடித்ததெல்லாம் தூணிலும் சுவரிலும் மோதித் திரும்பி வந்து பாட்டையே கூழாக்கியது. கல்யாண ஜமக்காளங்களைக் கட்டித் தொங்கவிட்டும் பலனில்லை. கடைசியில் அருள் குச்சியைக் கீழே போட்டான். “மாப்ள, இந்த வீட்டை அடக்க முடியாதுடா. இதையும் பேண்டுல சேத்துக்குவோம்.”

அப்படித்தான் எங்கள் இசை பிறந்தது. ஓர் அடி; பிறகு அது வளவைச் சுற்றி வந்து அடங்கும்வரை பொறுமை; பிறகு அடுத்த அடி. மெய்யப்பனின் அம்மாவை ஆச்சி என்போம். “வீட்ட இடிச்சுப்புட்டுத்தான் போவீக போல” என்று திட்டிக்கொண்டே காபி அனுப்புவார்.

பிறகு ஆல்பம் பதியச் சென்னைக்குப் போனோம். ஸ்டுடியோ சுவரெல்லாம் பஞ்சு; அடித்த சத்தம் திரும்பி வரவே இல்லை. நாங்கள் விட்ட இடைவெளியெல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது. ஆல்பம் வெளிவரவில்லை. எனக்கு இங்கே வேலை கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

இங்கே அலுவலக நண்பன் யோனாஸின் பேண்டில் சேர்ந்து பார்த்தேன். நான் ஒவ்வொரு முறையும் தாமதிப்பதாகச் சொன்னான். சத்தம் திரும்பி வரக் காத்திருக்கிறேன் என்றேன். மறுவாரம் அக்கறையாக ஓர் எக்கோ பெடலைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்து, “இப்போது சரியா?” என்றான். நல்ல மனிதன். நன்றி சொன்னேன். அந்தப் பெட்டியின் எதிரொலியில் புறா படபடக்கவில்லை. அதன்பிறகு நான் போகவில்லை.

போன மாதம் மெய்யப்பன் கூப்பிட்டான். பங்காளிகள் வீட்டை ஹோட்டலுக்கு விடுகிறார்களாம். “கடைசியா ஒருக்கா வளவுல வாசிக்கிறோம்டா. வந்துரு.” விசா புதுப்பிப்பு முடியாமல் நான் நகர முடியாது.

“அப்போ பாஸுக்கு வேற ஆளா?” என்று கேட்டேன். என் இடத்தில் இன்னொருவன் நின்றால் ஊரில் எனக்கென்று என்ன இருக்கிறது?

போனில் அவன் பக்கத்திலிருந்து அருள் கத்தினான். “ஆளாவது மண்ணாவது. ஒன் எடத்த அப்படியே விட்டுட்டு வாசிப்போம். நீ லைன்ல வாடா.”

வீடியோ அழைப்பில் சேர்ந்து வாசிக்க வழியில்லை. என் சத்தம் அங்கே போய்ச் சேர்வதற்குள் தாளம் தாண்டிப் போய்விடும். அதனால் அவர்கள் வாசித்த ஞாயிறன்று அழைப்பில் சேர்ந்து, என் மைக்கை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினேன். அருள் ஓர் அடி அடித்தான். காத்திருந்தேன். வளவு பதில் சொன்னது, பின்னால் புறாக்கள் எழும்பின. நான் கம்பியைத் தட்டினேன். மூவரும், வீடும், குறையில்லாமல் என் காதில் இருந்தோம். கண்ணீர் நிற்கவில்லை.

“வாசிச்சியாடா?” முடிந்ததும் மெய்யப்பன் கேட்டான்.

“முழுசா வாசிச்சேன்.”

“இங்குட்டு ஒண்ணும் கேக்கலடா” என்றான்.

மறுநாள் படிக்கட்டில் கீழ்வீட்டு அம்மாள் என்னை நிறுத்தி, ஞாயிறு அவ்வளவு அமைதியாக இருந்ததற்கு நன்றி சொன்னார்.